தீவில் நாலு மணி வரைக்கும்

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. "சென்ற ஆண்டு இதே வாரத்தில் எங்களிடம் கூடாரம் போட்டுத் தங்கினீர்கள். மறுபடியும் வாருங்கள்" என்று. கீழே ஒரு படம்: பச்சைக் கூடாரம், முன்னால் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். காலை டியூட்டி முடித்துப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மனித உடம்பிலிருந்து வெளியே வரக்கூடிய எல்லாவற்றையும் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் குமட்டியதில்லை.

ஊருக்குப் போன் செய்தால் என் தம்பி சொல்வான், "நீ தப்பிச்சிட்டக்கா, அங்கெல்லாம் அது கெடையாது." அவனுக்கும், அவனைப்போல நினைக்கிற உங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இங்கேயும் உண்டு. விமானத்தில் முறுக்குப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

2

நான் ஸ்டெல்லா. திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடுகளில் வளர்ந்தேன். சிதம்பரத்தில் நர்ஸிங் படித்தேன். இப்போது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில், ஒரு மருத்துவமனையில் வேலை. கணவர் அருளும் இங்கேதான் வேலை பார்க்கிறார். மகள் ரேச்சலுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வாசுகியை முதன்முதலில் பார்த்தது இங்குள்ள ஒரு மளிகைக் கடையில். நான் எடுத்த முருங்கைக்காயைப் பார்த்து, "அது முத்தல்க்கா, வைங்க" என்றாள். சிதம்பரத்துக்காரி. கடைக்கு வெளியே மழையில் ஒரு மணி நேரம் நின்று ஊரைப் பற்றிப் பேசினோம். அன்றிலிருந்து ஐந்து வருஷம். என் பித்தப்பையை எடுத்தபோது பத்து நாள் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அவள் மகள் தாரிணியும் ரேச்சலும் ஒரே வகுப்பு. ஒருத்தி சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொள்வாள்.

வாசுகியின் மாமனாரை இங்கே ஆறு மாத விசிட்டர் விசாவில் வரவழைத்தார்கள். அழைப்புக் கடிதம், வங்கிக் காகிதம், அவருக்கு ஊரில் நிலம் இருக்கிறது, திரும்பிப் போய்விடுவார் என்பதற்கான ஆதாரம் என்று ஏகப்பட்ட காகிதம். வாசுகிக்குப் படிவம் என்றாலே நடுங்கும். உட்கார்ந்து நிரப்பியது நான். "பூர்வீக முகவரி" என்ற இடத்தில் அவர் ஊர்ப் பெயரைத் தட்டும்போதே எனக்குச் சுருக்கென்றது. காடாம்புலியூருக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் காலனி இருந்த அதே கிராமம். வாசுகியிடம் ஒன்றும் சொல்லாமல் எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிவிட்டேன்.

பெரியவர் ஏப்ரல் கடைசியில் வந்தார். எழுபத்து நான்கு வயது, நிமிர்ந்த உடம்பு. ரேச்சலின் தமிழில் 'நீங்கள்' கிடையாது. நான் அவளிடம் பேசும் 'நீ'தான் அவளுக்குத் தெரியும். முதல் நாளே அவரிடம் போய், "தாத்தா, நீ எப்ப வந்த?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு முகம் வியர்த்தது. அவர் குலுங்கிச் சிரித்து, "வெள்ளக்காரப் புள்ள!" என்று ஒரு கை முந்திரிப்பருப்பை அள்ளிக் கொடுத்தார். என்னிடம், "மாமான்னே கூப்புடும்மா" என்றார். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த மூன்று மாதமும் கூடியமட்டும் அவரோடு தனியாக உட்காராமல் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் வாசுகியின் கணவர் குமரன் திட்டம் போட்டார். அவர் ஆபீஸில் எல்லோரும் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம், நாமும் போகணுமாம். வெள்ளி, சனி இரண்டு இரவு கடலோரக் கிராமத்தில் கூடாரம். சனிக்கிழமை படகில் ஒரு தீவுக்குப் போய்த் திரும்புவது. அருளுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ரேச்சலும் மட்டும் எங்கள் காரில் கிளம்பினோம்.

3

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். புல்வெளியில் முப்பது நாற்பது கூடாரங்கள், கீழே சாம்பல் நிறத்தில் கடல். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் காதுக்குள் எல்லாம் கடித்தன. குமரனுக்குக் கூடாரக் குச்சியை எதில் செருகுவதென்றே தெரியவில்லை. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர் வந்து மாட்டிக்கொடுத்தார். நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். அங்கே கோடையில் ஒன்பது மணி ஆனாலும் வெளிச்சம் குறையாது.

நான் முந்தின நாளே கானாங்கெளுத்தி வாங்கி, புளி கூட்டி, மீன் குழம்பு வைத்து எடுத்துப் போயிருந்தேன். மறுநாள் வைத்துச் சாப்பிட்டால்தான் அது ருசி. வாசுகி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, கடலூர்ல ஒனக்கு எங்க?"

"திருப்பாதிரிப்புலியூர், மாமா."

"அது இருக்கறது. பூர்வீகம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். "அப்பா வாத்தியார் மாமா, ஊர் ஊரா மாத்தல், பூர்வீகம்னு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"வாத்தியாரா? பேரு என்னா?"

அப்பா இறந்து அப்போது இரண்டு வருஷம். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயரில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அப்பா பெயரில் சொல்ல வரவில்லை.

"சவரிமுத்து" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. "அட, நம்ம சவரிமுத்து மவளா நீ! ஒங்கம்மா எங்க முந்திரிக் கொல்லையிலதான் கொட்ட பொறுக்க வரும். இதாம்மா ஒலகம்!" என்று தொடையில் தட்டினார். பிறகு கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். அது நான் ஊற்றிக் கொடுத்த டீ. டம்ளரைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்து, "வவுறு சரியில்ல" என்று கூடாரத்துக்குள் போய்விட்டார்.

வாசுகி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "குடுக்கா, மாமாவோட நாங்க உள்ள சாப்ட்டுக்கறோம்" என்று குழம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கும் ரேச்சலுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள். எங்கள் குழம்பில் எங்களுக்கு ஒரு கிண்ணம்.

ரேச்சலும் தாரிணியும் ஒரே கூடாரத்தில் படுப்பதாக ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். படுக்கப்போகும் நேரத்துக்கு வாசுகி வந்து தாரிணியின் தூக்கப் பையைச் சுருட்டினாள். "தாத்தாவுக்கு இவ பக்கத்துல இருந்தாதான் தூக்கம் வரும்" என்றாள். தாரிணி அழுதாள். ரேச்சல், "நான் என்ன பண்ணேன்?" என்று என்னைக் கேட்டாள். "ஒண்ணும் பண்ணல, தூங்கு" என்றேன்.

4

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ புனிதவதி மாதிரி ஆகிவிடும்.

சிதம்பரத்தில் படிக்கும்போது விடுதியில் முதல் வாரமே விசாரணை நடக்கும். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர், கோயிலுக்கு எங்கே போவீர்கள். நான் சிவப்புத்தோல், நன்றாக ஆங்கிலம் பேசுவேன். "டவுன், பாடலீஸ்வரர் கோயில் பக்கம்" என்பேன். எங்கள் வாடகை வீடு அந்தப் பக்கம்தான், பொய்யில்லை. அந்த வீடு கிடைக்க அப்பா எத்தனை வீட்டு வாசலில் நின்றார் என்பதை நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்தவள் என்றால் மேற்கொண்டு யாரும் தோண்ட மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

என் வகுப்பில் அமுதா என்று ஒருத்தி இருந்தாள். கம்மாபுரம் பக்கம். யாராவது தெரு கேட்டால், "காலனி" என்று முகத்துக்கு நேராகச் சொல்வாள். மெஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் என்னைப் பார்த்து, "இங்க வந்து குந்து ஸ்டெல்லா" என்றாள். எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனேன். நான்கு வருஷமும் அடுத்த மேசையில்தான் சாப்பிட்டேன். அவள் திரும்பக் கூப்பிடவே இல்லை.

இப்போது நினைத்தாலும் அந்த மெஸ் சாம்பாரின் வாடை மூக்கில் ஏறுகிறது.

5

சனிக்கிழமை காலை டீத்தூளைக் கொட்டப் போனேன். அந்த முகாமில் குப்பைக்கு நான்கு தொட்டி. காகிதத்துக்கு, கண்ணாடிக்கு, மற்றதுக்கு, சாப்பாட்டுக் கழிவுக்கு. கடைசித் தொட்டியைத் திறந்தேன். மேலாகவே கிடந்தது. என் குழம்பு. கானாங்கெளுத்தித் துண்டுகள் உடையாமல் முழுசாக, சோற்றுப் பருக்கை ஒன்றுகூட ஒட்டாமல். பூச்சி மொய்த்தது. விதிமுறைப்படி சரியான தொட்டியில்தான் போட்டிருந்தார்கள்.

திரும்பி வந்தால் கூடார வாசலில் சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. வாசுகி, "கொழம்பு சூப்பர்க்கா" என்றாள்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ரேச்சல் சீல், அதுதான் கடல்நாய், பார்க்க வேண்டும் என்று காலையிலேயே ஷூ மாட்டி நின்றாள். படகுக்கு எல்லோருக்கும் சேர்த்துப் பதிவு செய்தாகிவிட்டது. போனேன்.

தீவு சின்னது. ஒரு பண்ணை, கொஞ்சம் ஆடுகள், இடிந்த ஒரு தேவாலயம், பாறைமேல் மூட்டை மாதிரி படுத்துக்கிடக்கும் சீல்கள். காலையில் கொண்டுவந்து விட்ட படகு நாலு மணிக்குத்தான் திரும்ப வரும். இடையில் வேறு வழியே இல்லை. பிள்ளைகளும் குமரனும் பெரியவரும் சீல் பார்க்கப் போனதும் தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் வாசுகியைப் பிடித்தேன்.

"கொழம்ப ஏன் கொட்டுன?"

"எந்த கொழம்பு?"

"நான் ஒரு கொழம்புதான் குடுத்தேன் வாசுகி."

அவள் கண் கலங்கியது. "நான் கொட்டலக்கா, சத்தியமா. தாரிணி அப்பாதான் எடுத்துட்டுப் போனாரு. மாமா தொட மாட்டேன்னுட்டாரு. அவரு பட்டினியா கெடக்கறப்ப நாங்க எப்பிடி சாப்புடறது?"

"தாரிணிய ஏன் பிரிச்சுக் கூட்டிட்டுப் போன?"

"ரெண்டு மாசந்தான். அக்டோபர்ல கெளம்பிடுவாரு. அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். எனக்கு அதெல்லாம் கெடையாதுன்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் தட்டுலயே சாப்ட்டவ நான்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

பிள்ளைகள் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தெரியும். அதெல்லாம் பேச்சுலயே தெரிஞ்சிடுமே. நான் கண்டுக்கல. கண்டுக்கவே இல்லியேக்கா, அஞ்சு வருஷமா."

அதை ஒரு கொடை மாதிரிச் சொன்னாள். ஐந்து வருஷமாக எனக்குத் தெரியாமலே என்னை மன்னித்துக்கொண்டு வந்திருக்கிறாள். குப்பைத் தொட்டியைத் திறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வரவில்லை.

ஒரு மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. தீவில் ஒதுங்க இருந்தது படகுத்துறையின் ஒற்றைக் கொட்டகை. அதில் நீளமாக ஒரு பெஞ்சு. ஆறு பேரும் அதில்தான் உட்கார வேண்டும். பெரியவர் ஓரத்தில், நான் மறு ஓரத்தில். அவருக்கு இருமல் வந்தது. ரேச்சல் ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றி, "தாத்தா, குடி" என்று நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டீ அவள் கையில் அப்படியே ஆறியது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

பெரியவர் மகனிடம் பேச ஆரம்பித்தார். எனக்குக் கேட்க வேண்டும் என்றேதான்.

"சவரிமுத்து தங்கமான பையன்டா. படிச்சவன்னு திமிரு கெடையாது. நாங்க எதுக்க வந்தா சைக்கிள வுட்டு எறங்கிடுவான். நாங்க சொன்னதே இல்ல, அவனா எறங்குவான்."

என் அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில்தான் நான் உட்காருவேன். எட்டு வயது வரைக்கும். தாத்தா வீட்டுக்குக் காலனிக்குப் போகும்போதெல்லாம் ஊர்த்தெரு முனையில் அப்பா பிரேக் பிடித்து இறங்குவார். "செயின் கழண்டுடுச்சு பாப்பா, நடப்போம்" என்பார். தெரு முடிந்ததும் குனிந்து செயினை ஏதோ செய்து, மறுபடி ஏற்றிக்கொள்வார். "இந்தத் தெருவுல மட்டும் ஏன்பா கழலுது?" என்று கேட்டிருக்கிறேன். "மேடுபள்ளம் ஜாஸ்தி" என்பார். மழைக்கு ஒதுங்கிய அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான், என் நாற்பத்து இரண்டாவது வயதில், செயின் ஒருநாளும் கழலவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கப்பா ஒங்களவிட மூணு வயசு பெரியவரு" என்றேன். "ஹெட்மாஸ்டரா ரிட்டையர் ஆனவரு. 'அவரு'ன்னு சொல்லுங்க."

"நான் என்னாத்த கொறச்சிச் சொல்லிட்டேன்? நல்லவன்னுதான சொன்னேன்?"

"அவரு நல்லவரு. அப்பிடிச் சொல்லுங்க."

குமரன், "வுடுங்க ஸ்டெல்லா, வயசானவரு" என்று போனைத் தடவிக்கொண்டே சொன்னார். வாசுகி ஷால் நுனியை முறுக்கினாள்.

நான் எழுந்து போய்ப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளோடு தோள் படுகிற மாதிரி. அவர் சடக்கென்று எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றார். குமரன் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்றே கால் மணி. நாலு மணி வரைக்கும் அப்பனும் பிள்ளையும் அப்படியே நின்றார்கள். இந்த வயதில் நிமோனியா வந்துவிடுமே என்று என் நர்ஸ் புத்தி கணக்குப் போட்டது. அந்தப் புத்தியின் மேலும் எனக்கு வெறுப்பு வந்தது. ஆனால் நான் எழுந்து இடம் விடவில்லை.

6

கரைக்கு வந்ததும் கூடாரத்தைப் பிரித்துக் காரில் போட்டேன். வாசுகி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டியிருப்பேன். ரேச்சல் கேட்டாள்: "அந்தத் தாத்தாவுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

டயர்டா இருப்பாரு, வயசாச்சு, வயிறு சரியில்லை. எத்தனையோ செயின்கள் கைவசம் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, ஊர், காலனி, முந்திரிக் கொல்லை, சைக்கிள் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து அவளுக்குப் புரியாமல் ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் சொல் கிடைக்காமல் திரும்பத் தமிழுக்கே வந்தேன்.

"நாம அழுக்குன்னு நெனைக்கிறாங்களா?"

"ஆமா."

"வாசுகி ஆன்ட்டியுமா?"

"அவ நெனைக்கல. நெனைக்கிறவங்ககூட நிக்கிறா."

அமுதாவைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ரேச்சல் வெகுநேரம் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துவிட்டு, "அப்ப நீயும் ஆன்ட்டி மாதிரிதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை முடித்து விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

வண்டியைக் கிளப்பினேன். அந்த வாரம் முழுக்க அமுதாவைத் தேடினேன். பழைய வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். யாரிடமும் அவள் எண் இல்லை. யாருமே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

7

அக்டோபரில் எனக்கு விடுமுறை நாளன்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ரேச்சலுக்கு ஏதோ என்று பதறினேன். ரேச்சலுக்கு ஒன்றுமில்லை. தாரிணிக்குக் காய்ச்சல், வாந்தி. அப்பா அம்மா இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மூன்றாவது பெயர் என்னுடையது.

பள்ளிக்குப் போனதும் அலுவலகத்துப் பெண் திரையைப் பார்த்து, "நீங்கள் தாரிணியின் பெரியம்மா, இல்லையா?" என்று கேட்டாள். வாசுகி படிவத்தில் அப்படித்தான் நிரப்பியிருந்தாள். இல்லை என்றால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, ரசம் வைத்தேன். மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது ஆன்ட்டி" என்றாள். குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுத்தேன். ரேச்சல் பள்ளி விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு வாசுகி வந்தாள். தலையெல்லாம் கலைந்து, மூச்சு வாங்க.

"மீட்டிங்ல இருந்தேன்க்கா, போன பாக்கவே இல்ல. நீ இல்லன்னா என்னா ஆயிருக்கும்? சாப்ட்டாளா?"

"ரசஞ்சோறு. ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டா."

வாசற்படியில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினாள். ஐந்து வருஷமாகச் சிரிக்கும் அதே சிரிப்பு. "மொளகு வாசன தூக்குதே. எனக்கும் ஒரு வாய் போடேன்க்கா. காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்புடல."

"மாமா?"

"நேத்துதான் ஃபிளைட் ஏத்தி வுட்டோம்." நல்ல செய்தி சொல்கிற முகம். "இனிமே எப்பவும் போல வரலாம்க்கா."

என் கை கதவில் இருந்தது. அவள் பசியோடு இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததையும் பார்த்தேன்.

"தாரிணிக்கு எப்ப வேணும்னாலும் இந்த வீட்ல சோறு உண்டு" என்றேன். "ஒனக்கு இல்ல, வாசுகி."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்து பிறகு போனது. மகளின் ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்தாள். இரண்டு ஷூவுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டும் நிமிரவில்லை. தாரிணி, "அம்மா, போலாம்" என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போகும் சத்தம் தீரும் வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே ரேச்சல் எனக்கும் தனக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.